டாக்டரம்மா தாழ்வாரத்தில் சொன்னது

அக்கா,

இன்று மதியம் அவரை எடுத்தாயிற்று. வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். சீயக்காய் போட்டு இரண்டு தடவை தேய்த்தும் ஊதுவத்தி வாடை முடியை விட்டுப் போகவில்லை. சேலை மாற்றினேன், அதிலும் அதே வாடை. ஈரத்தலையைத் துவட்டாமல் அப்படியே உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்காரர் செத்துப்போனதை உங்களுக்குச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

நல்ல கூட்டம். சங்ககிரிச் சொந்தம், வாழப்பாடிச் சொந்தம் எல்லோரும் வந்திருந்தார்கள். யாரோ ஒரு அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே, "பாவம், கட்டுனவ போனதுல இருந்து மனுசன் உருகியே போயிட்டாரு. தங்கமான மனுசனுங்க" என்றாள். நான் வாய்க்கரிசித் தட்டைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றிருந்தேன். தட்டு ஆடாமல் பார்த்துக்கொண்டேன். அதற்கே பெரும்பாடாகிவிட்டது.

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது மாமியார் இல்லை. அண்ணன் தம்பி இரண்டு பேர், வீட்டை ஒட்டி ஒரு தறிக்கூடம், அண்ணன் பெண்டாட்டியாக நீங்கள். திருச்செங்கோட்டில் என் அம்மா பயந்துகொண்டேதான் என்னை அனுப்பினாள். ஓரகத்தி எப்படி இருப்பாளோ என்று அவளுக்குக் கவலை. எடப்பாடியில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது பவர்லூம் சத்தத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது. நீங்கள் எதிரே நின்று உதட்டை அசைத்தீர்கள். ஒன்றும் கேட்கவில்லை. கிட்டே வந்து என் காதோடு சொன்னீர்கள்: "இங்க காத நம்பாத கண்ணு. வாயப் பாத்துப் பழகிக்க."

பழகிக்கொண்டேன். கூடத்தின் அந்தக் கோடியில் நீங்கள், இந்தக் கோடியில் நான், நடுவில் தறிகள் இரைய, வாயை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வோம். உங்கள் வீட்டுக்காரர் உள்ளே வந்தால் நீங்கள் ஒரு கையால் புடவைக் கொசுவத்தை வேட்டிபோலத் தூக்கிப் பிடித்து, வயிற்றை முன்னால் தள்ளி, அவர் பின்னாலேயே நடந்து காட்டுவீர்கள். அவர் திரும்பினால் நூல் எடுக்கப் போகிறவர்போல விலகிவிடுவீர்கள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடியிருக்கிறேன். ஊரில் எந்தப் பெரிய மனுசர் நடையும் உங்கள் காலில் வந்துவிடும். அந்தக் கால்களையும் நோய் விட்டுவைக்கவில்லை.

ஒரு வைகாசியில் திருச்செங்கோட்டு மலைக்குப் படியேறிப் போய்வந்தோம். மறுநாள் காலையில் உங்கள் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனேன். இரண்டு கன்னத்திலும் யாரோ அறைந்ததுபோலச் சிவப்பு, மூக்குத் தண்டின் மேலே ஏறி ஒன்றாகச் சேர்ந்திருந்தது. வெயில் என்றோம். வெயில் தணிந்த பிறகும் சிவப்பு போகவில்லை. முழங்கால் வீங்கியது. விரல் வீங்கியது. அறுந்த இழையை முடிபோட விரல் மடங்கவில்லை. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. வயிற்றில் பிள்ளை தங்கித் தங்கிக் கலைந்தது. பக்கத்துத் தெருவில் பெருநோய் என்று பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டுக்கொண்டு வந்து உங்களுக்கென்று தனித் தட்டும் தனி டம்ளரும் வைத்தது ஊர்க்காரர்கள் இல்லை. அவர்தான்.

அவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே அந்த டம்ளரில் நான் காப்பி ஊற்றிக் குடித்தேன். "அது அவளுது" என்றார். "தெரியுமுங்க மாமா" என்றேன். நீங்கள் சமையற்கட்டில் இருந்து வாயை மட்டும் அசைத்து, "போதும், நிறுத்துடி" என்றீர்கள். உங்கள் கண் சிரித்தது.

சேலத்துக்குக் கூட்டிப்போனது என் வீட்டுக்காரர்தான். அங்கே ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா உங்கள் முகத்தைப் பார்த்தவுடனே விரலைப் பிடித்துப் பார்த்தார், வாய்க்குள் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். லூபஸ் என்று ஒரு பெயர் சொன்னார். உடம்பின் காவல்காரனே வீட்டுக்காரர்களை அடிக்கிற மாதிரியான நோய் என்று விளக்கினார். "தொட்டா ஒட்டாது. சாகிற நோய்னும் நினைக்காதீங்க. இதோட வாழப் பழகணும்" என்றார். நீங்கள் கேட்டீர்கள்: "ஊட்டுக்காரரோட வாழற மாதிரிங்களா?" அந்த டாக்டரம்மா சிரித்ததை அன்றைக்குத்தான் முதலும் கடைசியுமாகப் பார்த்தேன்.

மாத்திரையில் கன்னச் சிவப்பு அடங்கியது. முகம் உப்பிப் போயிற்று. வெயிலில் போகக்கூடாது என்றதால் ஆண்பிள்ளைக் குடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போனீர்கள். மேகம் மூடின நாளிலும் குடையோடு நடக்கிற பொம்பளை என்று தெருவே சிரித்தது. கொஞ்ச நாளில் சிரித்தவர்கள் நடையெல்லாம் நம் கூடத்துக்குள் வந்துவிட்டது.

மாத்திரை கொடுக்கும்போதே டாக்டரம்மா ஒன்று சொல்லியிருந்தார். அன்று நானும் கூட இருந்தேன். "இந்த மாத்திரை அந்தக் காவல்காரனை அடக்கி வைக்கும். அடக்கினா அவன் உங்களை அடிக்க மாட்டான். ஆனா திருடன் வந்தாலும் எந்திரிக்க மாட்டான். அதனால இந்த நோய் இருக்கிற பொம்பளைங்க கர்ப்பப்பை வாயை வருசா வருசம் பாத்துக்கணும். மத்தவங்களைவிட உங்களுக்கு அங்க செல்லு மாறிப்போக வாய்ப்பு அதிகம். மாறினாலும் பயமில்லை. ஆரம்பத்துல பாத்துட்டா லேசாச் சுட்டு விட்டுடலாம்."

திரைக்குப் பின்னால் போனீர்கள். மரக்குச்சி போன்ற ஒன்றால் தடவி எடுத்து, கண்ணாடித் துண்டில் பூசிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வெளியே வந்து புடவையைச் சரிசெய்தபடி, "இதுக்கா இத்தன பயந்தோம்? மாவு பதம் பாக்கற மாதிரி பாத்துட்டு உட்டுட்டாங்க" என்றீர்கள். முதல் வருசம் ஒன்றுமில்லை என்றார்கள். அடுத்த வருசமும் போய் எடுத்துக்கொண்டீர்கள். அதன் முடிவைக் கேட்கப் போகவேண்டிய சமயத்தில் நான் பிரசவத்துக்குத் திருச்செங்கோடு போயிருந்தேன். என் வீட்டுக்காரர் நூல் வாங்க வெளியூர் போயிருந்தார். அதனால் உங்கள் வீட்டுக்காரரே உங்களைக் கூட்டிப்போனார். உங்களை டாக்டரிடம் அவர் கூட்டிப்போனது அந்த ஒரு தடவைதான்.

குழந்தையைப் பார்க்கத் திருச்செங்கோட்டுக்கு நீங்கள் வந்தபோது முகமெல்லாம் பூரிப்பு. என் கட்டிலில் உட்கார்ந்து சொன்னீர்கள்: "எல்லாஞ் சரியா இருக்குதாம் கண்ணு. நா ரத்தங் குடுக்க உள்ள போயிருந்தேன். டாக்டரம்மா அவர வெளிய தாழ்வாரத்துல கூப்புட்டுச் சொன்னாங்களாம், ஒண்ணுமே இல்லீன்னு. அப்பறம் என்ன பண்ணுனாரு தெரியுமா? பஸ் ஸ்டாண்டுகிட்ட ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போயி ரவா தோசை வாங்கிக் குடுத்தாரு. மல்லியப்பூ வாங்கி அவரே வெச்சு உட்டாரு. கண்ணாலம் ஆனதுல இருந்து இல்லாத அதிசயம்!"

நானும் சந்தோசப்பட்டேன். மனுசன் மாறிவிட்டார் என்று என் அம்மாவிடம்கூடச் சொன்னேன்.

அதன்பிறகு சேலத்துக்குப் போகவேண்டாம் என்றார். மாத்திரைதானே, உள்ளூர் டாக்டரிடமே எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்றார். போகிற வருகிற அலைச்சலில்தான் உங்கள் முழங்கால் வீங்குகிறது என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். அந்த வருசப் பரிசோதனை போயிற்று. அடுத்த வருசமும் போயிற்று.

பிறகு உங்களுக்கு உதிரம் பட ஆரம்பித்தது. மாதத்துக்கு ஒருமுறை என்பது போய், கண்ட நாளில். நீங்கள் மறைத்தீர்கள். கொடியில் துணி காய்வதைப் பார்த்து நானாகத்தான் கேட்டேன். "அந்த மாத்திர தின்னா அப்பிடித்தான் இருக்குமாம், அவரு சொன்னாரு" என்றீர்கள். "அவரு என்ன டாக்டருங்களாக்கா?" என்றேன். ராசிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறோம் என்று அவரிடம் பொய் சொல்லிவிட்டு, குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, உங்களை இழுத்துக்கொண்டு சேலம் பஸ் ஏறினேன்.

அந்த அறை எனக்கு அப்படியே கண்ணுக்குள் நிற்கிறது. டாக்டரம்மா உங்களை அடையாளம் கண்டுகொண்டார். கோபமாகத்தான் ஆரம்பித்தார்.

"ஏம்மா, இத்தனை நாள் எங்க போனீங்க?"

"மாத்திர அங்கயே வாங்கிக்கறனுங்க டாக்டரம்மா."

"மாத்திரையைப் பத்தி யார் கேட்டா? கர்ப்பப்பை வாயில செல்லு மாற ஆரம்பிச்சிருக்கு, அடுத்த வாரமே கூட்டிட்டு வாங்க, சுட்டு விட்டுடலாம்னு உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லி அனுப்பினேனே!"

நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். தறிக்கூடத்தில் பேசுகிற மாதிரி உங்கள் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகுதான் குரல் வந்தது. "ஒண்ணுமில்லீன்னு சொன்னாருங்களே."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். உங்களைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனார். திரும்பி வந்து கையைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். புற்று வேர் விட்டுவிட்டது என்றார். இனிமேல் சுடுவதில் தீராது, கோயமுத்தூருக்குப் போய்க் கதிர் பாய்ச்சுகிற கரண்ட் வைத்துப் பார்க்கவேண்டும் என்றார்.

நீங்கள் புடவை கட்டிக்கொண்டிருந்தபோது நான் டாக்டரம்மாவிடம் தனியாகக் கேட்டேன். "எதுக்குங்க அவருகிட்டச் சொன்னீங்க? நோவு அக்காளுக்குத்தானுங்களே?"

"அதுதான் வழக்கமா இருந்தது" என்றார். ஈரக் கையைத் துண்டில் துடைத்துவிட்டு, "நான் அவர்கிட்ட ஒண்ணு கேட்டேன். வெளியூர் போற மனுசன், வேற பெண்கள்கிட்டப் பழக்கம் உண்டான்னு. மருத்துவத்துக்காகக் கேட்டதுதான். முகம் மாறிப்போச்சு. அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும்" என்றார். அந்தப் பழக்கத்தால்தான் இது வந்ததா என்று கேட்டேன். அப்படிச் சொல்லிவிட முடியாது, யாருக்கும் வரலாம், காவல் இல்லாத உடம்பில் தங்கிவிடும் என்றார். அக்கா, இதை நான் நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன். நோயை அவர் கொடுத்தார் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அது எனக்குத் தெரியாது. அவர் மறைத்தார் என்பது தெரியும். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தீர்கள். பஸ் மகுடஞ்சாவடி தாண்டியது. பிறகு வெளியே பார்த்தபடியே, "அன்னைக்குப் பூ வாங்கிக் குடுத்தாரு கண்ணு" என்றீர்கள். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் நான் நேரே தறிக்கூடத்துக்குப் போனேன். மோட்டாரை நிறுத்தினேன். எல்லாத் தறியும் நின்றது. ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். தறியில் பாவு நூலைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் நிமிர்ந்தார்.

"டாக்டரம்மா தாழ்வாரத்துல உங்ககிட்ட என்ன சொன்னாங்க மாமா?"

அவருக்குப் புரிந்துவிட்டது. ஆட்களை வெளியே போகச் சொன்னார். "மெதுவாப் பேசு. மானத்த வாங்காத" என்றார்.

"என்ன சொன்னாங்க?"

"அவ என்னையப் பாத்து என்ன கேட்டா தெரியுமா உனக்கு? ஒரு பொம்பள, என்னையப் பாத்து! திருடனாட்ட நின்னு பதில் சொல்லோணுமா நான்? மறுபடி அங்க போனா மறுபடி கேப்பா. ஊருக்குத் தெரிஞ்சா யாரு நமக்கு நூலு குடுப்பான், யாரு துணி எடுப்பான்? தானாச் சரியாப் போயிரும்னு இருந்தேன்."

அதுதான் அவருடைய காரணம், அக்கா. ஒரு கேள்வி. ஒரு டாக்டர் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் சொல்லக் கூசி, உங்களைச் சாகக் கொடுத்தார். பணம் இல்லாமல் இல்லை, வண்டி இல்லாமல் இல்லை. விவரம் தெரியாமலும் இல்லை. தெரிந்து, ஓட்டலில் உட்கார்ந்து, நீங்கள் தோசை தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோயமுத்தூருக்கு நானும் என் வீட்டுக்காரரும் மாற்றி மாற்றி வந்தோம். கரண்ட் வைத்தால் மற்றவர்களுக்குத் தோல் கறுக்கும். உங்களுக்கு உரிந்தது. லூபஸ் உடம்பு அதைத் தாங்காது என்று அங்கேயும் சொன்னார்கள், வேறு வழியில்லை என்றும் சொன்னார்கள். திரும்பி வந்தபிறகு நீங்கள் அவர் அறைக்குப் போகவில்லை. எங்கள் அறையில், என் கட்டிலில் படுத்தீர்கள். ஆடிப்பெருக்குக்கு முன்னால் ஒரு பகலில், கரண்ட் போய்த் தறியெல்லாம் நின்றிருந்த நேரத்தில், உயிர் பிரிந்தது. அந்த வீட்டில் அவ்வளவு அமைதியை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

அவர் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். பாடைமேல் விழுந்து புரண்டார். நான்கு பேர் பிடித்துத் தூக்கவேண்டியிருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். உங்களை மாதிரி எனக்கு நடித்துக் காட்ட வராது. வந்திருந்தால் அந்த அழுகையை அன்றைக்கே அவர் எதிரில் நின்று அழுது காட்டியிருப்பேன்.

கருமாதிப் பந்தியிலேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. வயசு இருக்கிறது, பிள்ளையில்லை, இன்னொன்று பார்க்கலாம் என்றார்கள். நான் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தேன். அவர் தலையைக் குனிந்தபடி, "இப்ப எதுக்குங்க அதெல்லாம்" என்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

முதல் சம்பந்தம் திருச்செங்கோட்டுப் பக்கம் வந்தது. என் ஊர்ப் பக்கம். அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பினேன். பெண் வீட்டுக்குப் போய், பெண்ணின் தாயிடம் நான் யார் என்று சொன்னேன். காப்பி கொண்டுவந்த பெண்ணையும் உட்காரச் சொன்னேன். உங்களுக்கு என்ன நோய், டாக்டரம்மா அவரிடம் என்ன சொன்னார், அவர் உங்களிடம் என்ன சொன்னார், எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. தாய்க்காரி சங்கடத்தில் நெளிந்தாள். அந்தப் பெண்தான் கேட்டது.

"அவருக்கு முந்தியே தெரியுமுங்களாக்கா?"

"தெரியும் கண்ணு."

"தெரிஞ்சும் சொல்லலீங்களா?"

"சொல்லல."

பெண் தாயைப் பார்த்தது. "அம்மா, எனக்கு வேண்டாம்" என்றது. என் வாழ்க்கையில் எனக்கு அவ்வளவு இனித்த வார்த்தை வேறில்லை.

அடுத்தது ராசிபுரம். அதன்பிறகு குமாரபாளையம். அவர் எங்கே பெண் பார்க்கிறார் என்று என் காதுக்கு எப்படியும் வந்துவிடும். அவர் பூ வைக்கப் போகுமுன் நான் பஸ் ஏறிவிடுவேன். சில வீட்டில் உட்காரச் சொன்னார்கள், சில வீட்டில் வாசலோடு விரட்டினார்கள். குடி கெடுக்க வந்தவள் என்று ஒருவர் செருப்பைத் தூக்கினார். சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன். அவர் வெளியூரில் வைத்திருந்ததாகப் பின்னால் ஊரில் பேசிக்கொண்ட பெண்ணைத் தேடி மட்டும் நான் போகவில்லை. அவள்மேல் எனக்கு வழக்கு இல்லை.

ஒருநாள் அவர் எங்கள் அறை வாசலில் வந்து கத்தினார். "உன்ற பொண்டாட்டி என்ற குடியக் கெடுக்கறா! கேக்க மாட்டயா நீ?"

என் வீட்டுக்காரர் அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாதவர் என்பது உங்களுக்குத் தெரியும். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போனார்.

"அவ சொன்னதுல எது பொய்யிங்கண்ணா? அதச் சொல்லுங்க, நான் கேக்கறேன்."

அவர் திரும்பிப் போய்விட்டார். அந்த மாதமே பாகம் பிரித்தோம். தறிக்கூடத்துக்கு நடுவே சுவர் எழும்பியது. அதோடு பெண் கேட்டுப் போவதையும் விட்டுவிட்டார். மெஸ்ஸில் சாப்பிட்டார், குடித்தார். அவர் பக்கத்துத் தறி ஒவ்வொன்றாக நின்றது. என் பக்கத்துத் தறி ஓடுகிற சத்தம் அவருக்குச் சுவர் வழியாக ராப்பகலாகக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் நானும் இருந்தேன்.

போன வருசம் ஈரல் கெட்டுப் படுத்தார். பார்க்க ஆளில்லை. நான் போனேன். கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு சுவரைச் சுற்றி அந்தப் பக்கம் போனேன். கண்ணும் நகமும் மஞ்சளாக, கட்டிலில் கிடந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கஞ்சியை வைத்துவிட்டுத் திரும்பினேன். வாசலுக்கு வந்தபோது கூப்பிட்டார்.

"ஏம்மா... அவ கடைசியா என்னையப் பத்தி ஏதாச்சும் சொன்னாளா?"

நீங்கள் சொன்னீர்கள், அக்கா. நீங்கள் போவதற்கு முந்தின நாள், உங்களுக்கு நான் தலை சீவிக்கொண்டிருந்தேன், சீவ என்ன இருந்தது, கொஞ்சம்போல முடி. என் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள். "அவருகிட்ட ஒண்ணு சொல்லோணும் நீ. எனக்குக் கோவமில்லீன்னு சொல்லு. மொதல்ல இருந்துச்சு. இப்ப இல்ல. அவரு கெட்டவரில்ல கண்ணு, பயந்தாங்கொள்ளி. அந்தப் பயத்தோட மிச்ச நாளும் கெடந்து அல்லாடுவாரு. நா மன்னிச்சுட்டேன்னு சொல்லிரு. மறந்துராத" என்றீர்கள். நான் தலையை ஆட்டினேன்.

அவர் கட்டிலில் இருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருசமும் கேட்கப் பயந்து, சாகிறபோது கேட்கத் துணிந்திருக்கிறார் என்று தெரிந்தது.

"ஒண்ணுஞ் சொல்லலீங்க மாமா" என்றேன்.

அவர் தலையைக் கீழே வைத்துக்கொண்டார்.

மறுநாளும் கஞ்சி கொண்டுபோனேன். மறுநாளும் கேட்டார். "நல்லா நெனச்சுப் பாரு. ஏதாச்சும்?" நினைத்துப் பார்ப்பதுபோல நின்றுவிட்டு, இல்லை என்றேன். தினமும் போனேன். சுவர் வைத்துப் பிரிந்த மூத்தாரைக்கூட எப்படிப் பார்த்துக்கொள்கிறாள் பார் என்று தெருவில் எனக்குக் கைகூப்பாத குறைதான். அவர் பசிக்காக நான் போகவில்லை. அவர் கேட்பார், நான் இல்லை என்று சொல்வேன், அதற்காகப் போனேன். கேட்காத நாளில் நானே கொஞ்ச நேரம் நின்று, கேட்கட்டும் என்று பாத்திரத்தை மெதுவாகத் துலக்கினேன். ஒருநாள் அழுதார். அது பாடைமேல் விழுந்து அழுத அழுகை இல்லை, சத்தமே வராத அழுகை. உண்மையான அழுகை என்று எனக்குத் தெரிந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

நோய்க்காரியான உங்களிடம் "ஒண்ணுமில்லை" என்று அவர் சொன்னார். சாகப்போகிற அவரிடம் "ஒண்ணுமில்லை" என்று நான் சொன்னேன். அவ்வளவுதான் கணக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

டாக்டரம்மா சொன்னபடி நான் வருசா வருசம் சேலம் போய்வருகிறேன். எனக்கு உங்கள் நோய் இல்லை, இருந்தாலும் போகிறேன். தறிக்கூடத்துப் பெண்களையும் ஒவ்வொருவராகக் கூட்டிப்போகிறேன். முடிவைக் கேட்கிற அன்றைக்கு ஒருத்தியின் புருசனையும் உள்ளே விடுவதில்லை. அவளையே உட்கார வைத்து, அவள் காதில் சொல்லச் சொல்கிறேன். டாக்டரம்மா என்னை ஒன்றும் கேட்பதில்லை.

இதையெல்லாம் கேட்டு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். "போதும், நிறுத்துடி" என்பீர்கள். இந்தத் தடவை கண் சிரிக்காது. நீங்கள் மன்னித்துவிட்டீர்கள். அது உங்கள் மனசு, யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் அதைக் கொடுத்தனுப்ப என்னைப் பார்த்தீர்களே, அங்கேதான் ஏமாந்துவிட்டீர்கள். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து புண்ணைத் துடைத்தவள் நான். பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். நீங்கள் மறந்ததையெல்லாம் யாராவது ஒருத்தி வைத்திருக்க வேண்டாமா?

அந்த வார்த்தை என்னிடம்தான் இருக்கிறது. அவரோடு அது போகவில்லை. இனிமேல் கேட்க ஆளும் இல்லை. கனமாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் இறக்கி வைக்க எனக்கு மனமில்லை.

மறந்துராத என்றீர்கள்.

மறக்கவில்லை, அக்கா.